ராணி உட்காராத கல்

இந்த ஊரின் கதை உங்களுக்கு எதற்கு? வீட்டில் சோறு வடித்தாயிற்றா? துணி துவைத்தாயிற்றா? வேலை இல்லாதவர்கள்தான் அடுத்தவன் ஊர்க் கதையைக் கேட்டு அலைவார்கள். இப்படித்தான் ஒருத்தி வந்து கேட்டாள், ஒருத்தி சொன்னாள். அதனால் நாங்கள் மூன்று மாதம் குளிக்கக் கடவில்லாமல் திண்டாடினோம். கடவு என்றால் ஆற்றில் இறங்குகிற இடம். சொன்னவள் யார் என்று தேட வேண்டாம், நான்தான். ஆகவே இந்த முறை பொய் கலக்காமல் சொல்கிறேன். ருசி குறைந்தால் உப்பை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறினால் முதல் ஒரு மணி நேரம் கடைகள், அடுத்த ஒரு மணி நேரம் ரப்பர், அதற்குப் பிறகு காடு. காடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஆறு. ஆற்றங்கரையில் நாங்கள். என் அப்பாவை நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஈற்றை வெட்டுவதற்காகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஈற்றை என்பது மூங்கிலுக்கு ஒல்லித் தங்கை. கூடை முடையலாம், பாய் நெய்யலாம், கையை அறுத்துக்கொள்ளலாம். எங்களோடு பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் வந்தன. மிச்சமெல்லாம் மலையாளத்துக்காரர்கள். நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். பள்ளிக்கூடத்து வழியில் ஒருநாள் யானை நின்றது. மறுநாளும் நின்றது. படிப்பைவிட யானைக்குப் பொறுமை அதிகம் என்று தெரிந்ததும் நான் திரும்பிவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து பெண் எடுக்கவும் யோசிப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் காப்பி கிடையாது, உப்புதான். காலில் உப்பைத் தேய்த்து அட்டைகளை உதிர்த்துவிட்டு, வழிகிற ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் காப்பி. மாப்பிள்ளையின் அம்மா தன் காலைப் பார்ப்பாளா, பெண்ணின் முகத்தைப் பார்ப்பாளா? என்னை அப்படித்தான் சரியாகப் பார்க்காமல் கட்டிக்கொண்டு போனார்கள். போனார்கள் என்ன போனார்கள், அடுத்த வீட்டுக்குத்தான்.

பிறகு பாலம் வந்தது. தார் ரோடு வந்தது. அதன் பின்னாலேயே கழக்கூட்டம் கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகள் பைக்கில் வந்தார்கள். ஆற்றுக்குள் நின்றுகொண்டு போனை வானத்துக்குத் தூக்கி, “இங்க ரேஞ்சே இல்லை!” என்று கூத்தாடினார்கள். டவர் வேண்டும் என்று நாங்கள் மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை வலித்துக் கிடந்தோம். அவர்களுக்கு டவர் இல்லாததுதான் திருவிழா.

ரப்பர்த் தோட்டம் கை மாறி ரிசார்ட் ஆனது. மண்சுவர், மேலே ஓலை. மண்சுவர் வேண்டாம், ஓலை ஒழுகுகிறது, கான்கிரீட் வீடு தாருங்கள் என்று பஞ்சாயத்துப் படியில் பாதி ஆயுள் நின்றவர்கள் நாங்கள். எங்களுக்குக் கான்கிரீட் வந்து சேர்ந்த வருடம், பட்டணத்துக்காரர்கள் எங்கள் பழைய குடிசையில் படுக்க வரிசையில் நின்றார்கள். அரிசி இல்லாத நாளில் நாங்கள் தின்ற மரச்சீனிக் கிழங்கை வாழை இலையில் வைத்து, பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூவையும் வைத்துக் கொடுத்தார்கள். பூவையும் தின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். யானை வந்தால் நாங்கள் தகரம் தட்டுவோம். அவர்கள், “ஷ்ஷ்!” என்று எங்களை அதட்டிவிட்டுப் படம் எடுப்பார்கள். அட்டைக்கு மட்டும் அன்றும் இன்றும் ஒரே மரியாதை. உப்பு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். கடவு அப்படி இல்லை.

ஆற்றில் வேறெங்கே இறங்கினாலும் பாறை வழுக்கும், கீழே சுழி. எங்கள் கடவு ஒன்றில்தான் கிழவிகள் இறங்கலாம், சரிவு அவ்வளவு நிதானம். குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. என் முட்டுக்கால் வீட்டுப் படியில் ஏறவே முனகும். ஆனால் கடவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் ஊமையாகிவிடும். எனக்கும் பக்கத்து வீட்டு மைனிக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் ஒரு நாள். மைனி என் தம்பியின் மனைவி. நான் அவளை மைனி என்பேன், அவளும் என்னை மைனி என்பாள்.

கடவில் இரண்டு கல். மேலே இருப்பது குளிக்கிற கல், கரடுமுரடாக இருக்கும். அதற்குக் கீழே, தண்ணீர் போகிற பக்கம், கட்டில் மாதிரி அகலமாக, வழவழவென்று ஒரு கல். அதுதான் பேற்றுக்கல். ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அந்தப் பேற்றுத் துணியை அந்தக் கல்லில்தான் அலசுவோம். மற்ற நாளில் அதில் ஒருவரும் உட்காருவதில்லை, ஒரு கைக்குட்டைகூடத் துவைப்பதில்லை. பெற்ற வீட்டார் அலசக் கூடாது, பக்கத்து வீட்டுப் பெண்தான் விடியும் முன்னே கொண்டுபோய் அலச வேண்டும். யார் துணியை யார் அலசினாளோ, அவர்கள் இருவரும் பிறகு சாகும்வரை சண்டை பிடிக்கக் கூடாது. என் ஐந்து பேற்றுக்கும் மைனி அலசினாள். அவளுடைய நாலுக்கும் நான் அலசினேன். இப்போது எல்லாரும் ஆஸ்பத்திரியில் பெறுகிறார்கள், அதனால் நன்றாகச் சண்டையும் பிடிக்கிறார்கள்.

அந்தக் கடவுக்கு ஒருநாள் ஒரு பெண் வந்தாள். சொந்த ஊர் நாகர்கோவிலாம், கழக்கூட்டத்தில் ஆபீஸாம். ரிசார்ட்டுக்காக எழுதிக் கொடுக்கிற வேலை. நானும் மைனியும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம்.

“பாட்டி, இந்த ஊரு ஹிஸ்டரி கொஞ்சம் சொல்லுங்க. வெப்சைட்டுல போடணும்.”

“எதுக்குட்டி மக்களே? ஊருக்குச் சம்பந்தம் பேசி யாராவது வாறாவளா?”

“கெஸ்ட்டுக்குத் தெரியணும்லா பாட்டி. இப்பம் எல்லாரும் கதைதான் கேக்காவ.”

“குடிச்சிட்டு ஆத்துல விழுதவனுக்குக் கதை எதுக்காக்கும்?”

அவள் சிரித்தாள், ஆனால் பேனாவை மூடவில்லை. சரி, கேட்கிறாளே என்று உள்ளதைச் சொன்னேன். “ஈத்த வெட்டுனோம். மழை பெஞ்சுது. காய்ச்சல் வந்துது. செத்தவ போனாவ. மிச்சம் கெடந்தவ எழும்பி மறுபடியும் ஈத்த வெட்டுனாவ.”

அவள் ஒரு வரி எழுதினாள். பிறகு உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள். எழுபது வருடம் ஒரு வரியிலும் ஒரு கொட்டாவியிலும் முடிந்துவிட்டது.

“வேற ஏதும் பழைய விஷயம்? ராஜா, கோட்டை, அப்பிடி?” என்றாள். பேனாவால் பேற்றுக்கல்லைக் காட்டி, “இந்தக் கல்லு சூப்பரா இருக்கே, இதுக்கு ஏதாவது கதை உண்டா?”

இஸ்திரி போட்ட சட்டைக்காரி. அவளிடம் பேற்றுத் துணி என்றா சொல்வது? மேலும் அந்தக் கொட்டாவிக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது.

“ராஜா கதை இல்ல மக்களே. ராணி கதை உண்டு,” என்றேன்.

மைனி துவைப்பதை நிறுத்தினாள்.

“மகாராஜா பன்னி வேட்டைக்கு வந்தாரு. கூட ராணி. ராணிக்கு முட்டு வேதனை, பல்லக்கை விட்டு எறங்க மாட்டா. இந்தக் கல்லைப் பாத்ததும் ஒரு ஆசை. ஒரு நாழிகை இதுல இருந்து, காலைத் தண்ணியில விட்டா. பொறவு எழும்பி ஓட்டம் எடுத்தா பாத்துக்க, பல்லக்குக்காரன்மாரு பொறத்த ஓடுனானுவ.”

பேனா இப்போது பாம்பு மாதிரி ஓடியது. “எந்த ராணி பாட்டி?”

“பேரு கேக்கவா செய்வாவ? ராணில்லா!”

அவள் போனதும் மைனி ஈரக் கையாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். “பேத்துத் துணி அலசுன கல்லுல ராணியைக் கொண்டு இருத்திட்டியே மைனி! நீ வெளங்குவியா?”

“இருந்துட்டுப் போறா பாவம். முட்டு வலிக்காரி,” என்றேன்.

அடுத்த மாதம் கடவில் பலகை நட்டார்கள். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுத்து. படித்தவர்களைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னோம். ‘ராணிக்கல். ரிசார்ட் விருந்தினர்களுக்கு மட்டும்.’ கடவுக்கு இறங்குகிற வழி அவர்கள் வாங்கிய நிலத்தின் ஓரமாகப் போகிறது. அங்கே ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு பூட்டு. கட்டி முடித்த கையோடு மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். கொல்லம் பக்கத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து ஒரு குழம்பு பேசுவார்.

“அம்மச்சி, இது ஹெரிடேஜ் ஸ்பாட் ஆயிப் போச்சு. இனி சோப்பு, துணி, ஒண்ணும் இங்க பாடில்லா.” பாடில்லா என்றால் கூடாது.

“சாரே, அந்த ராணி கதை பொய்யாக்கும். நான்தான் அந்தப் பிள்ளைகிட்ட சும்மா சொன்னேன்.”

அவர் சிரித்தார். “அம்மச்சி இப்பம்தான் பொய் சொல்லுது. குளிக்கான் வேண்டி.”

“எங்க அம்மை மேல சத்தியமா, ராணி வரவே இல்ல!”

“எத்தர நல்ல கதை அம்மச்சி! அது பொய்யாவான் வழியே இல்லா.”

என் பொய்யை நானே பொய் என்று சொல்லியும் எடுபடவில்லை. பஞ்சாயத்து மெம்பர் வந்து பார்த்தார். ரிசார்ட்டில் சாயாவும் கேக்கும் கொடுத்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, “ஆலோசிக்கலாம்,” என்றார். இன்னும் ஆலோசிக்கிறார்.

நாங்கள் கீழே சுழிப்பக்கம் இறங்கத் தொடங்கினோம். என் முட்டுக்கு முடியவில்லை, நான் கரையில் உட்கார்ந்து செம்பால் ஊற்றிக்கொண்டேன். மைனி ரோஷக்காரி, இறங்கினாள். ஒரு வியாழக்கிழமை வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டுப் போட்டுக் கொண்டுவந்து விட்டார்கள். அவளுக்குத் தலை வாரிவிட நான் தினமும் போவேன். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. துணி அலசினவள், திட்ட முடியாது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “ராணிக்குச் சொகமா?” என்று மட்டும் கேட்பாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த நேரத்தில் மேனேஜர் என் வீட்டுக்கே வந்தார். காலையில் பத்து மணிக்கு ராணிக்கல் பக்கத்தில் உட்கார்ந்து நானே கதையைச் சொல்ல வேண்டுமாம். தங்கச் சரிகைக் கசவு போட்ட செட்டு முண்டுச் சேலையும் அவர்களே தருவார்களாம். நான் சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் தெரியுமா? சங்கிலிக்கு அந்தப் பக்கம் போனால் என் காலைத் தண்ணீரில் விடலாமே, அதற்குத்தான். கேவலம்தான். முட்டு வலித்தால் உங்களுக்கும் தெரியும்.

ஒரு வாரம் சொன்னேன். என் நெற்றியில் சந்தனம், ஒரு முக்காலி. விருந்தினர்கள் கல்லில் ஏறி வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவார்கள். மூன்று கை தண்ணீர் அள்ளி முட்டில் தேய்ப்பார்கள். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். குடித்தவர்களும் உண்டு. மேனேஜரே தினமும் ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சொல்லச் சொல்ல ராணிக்கும் வசதி கூடியது. முதல் நாள் தனியாக வந்தவளுக்கு மூன்றாம் நாள் இரண்டு தோழிமார், ஐந்தாம் நாள் ஒரு கிளி. அந்தப் பேனாக்காரிப் பெண்ணும் சனி, ஞாயிறில் வந்து நான் சொல்வதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்லி வீடியோ எடுப்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மைனிக்குத் தலை வாரப் போனேன். முதல் தடவையாக அவள் கண்ணாடியிலிருந்து திரும்பி என் காலைப் பார்த்தாள். “காலு நல்லா வெளுத்திருக்கே மைனி. ராணி மாதிரி இருக்கு,” என்றாள். நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரிய வேனில் ஒரு கூட்டம் வந்தது. அதில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் முட்டில் தண்ணீரைத் தேய்த்து, பாட்டிலில் பிடித்து, இரண்டு வாய் குடித்தும் விட்டாள். நான் கதையை முடித்ததும் அவள் ஏதோ கேட்டாள். பெண் எனக்குத் தமிழில் சொன்னாள். “ராணிக்குப் பொறவு இந்தக் கல்லை யாரு உபயோகிச்சாவன்னு கேக்காவ பாட்டி.”

இத்தனை நாளில் ஒருத்தர் அதைக் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டவள், அவளுக்கு அது தெரிந்தால் சந்தோஷப்படுவாளா என்று தெரியாது.

“ராணிக்கு முன்னயும் நாங்கதான், பொறவும் நாங்கதான்,” என்றேன். “ஊருல பேறு நடந்தா அந்தத் துணியை இதுலதான் அலசுவோம். கருக்கல்ல கொண்டு வருவோம். அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேச்சா ரத்தம் போவும். மொத அலசுல தண்ணி செவப்பா ஓடும், மூணாவது அலசுல வெளுக்கும். கல்லு இப்பிடி வழுவழுன்னு இருக்குல்லா? அது ராணி இருந்து வந்த மினுசம் இல்ல. நாங்க தேச்ச மினுசம்.”

பெண் வாயைத் திறந்தாள், இங்கிலீஷ் வரவில்லை.

“சொல்லுட்டி,” என்றேன். “கொட்டாவி விடாம சொல்லு.”

சொன்னாள். பாதிக்குமேல் அவள் குரல் உள்ளே போய்விட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் தானாகப் போனது. என் அம்மாவின் கடைசிப் பேற்றுத் துணியை நான்தான் அலசினேன். எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுப் பெண் அலசக் கூடாதுதான், ஆனால் ஊரெல்லாம் காய்ச்சல், பக்கத்து வீட்டில் எழுந்து நிற்க ஆள் இல்லை. எத்தனை தடவை அலசியும் அன்றைக்குத் தண்ணீர் வெளுக்கவே இல்லை. துணியைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போனபோது அம்மாவுக்கு அந்தத் துணி தேவைப்படவில்லை. இதையும் அவர்களிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாரத்தில் அந்தக் கல்லில் அம்மாவைத் தவிர எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், அதனாலாக இருக்கலாம்.

பெண் அதையும் இங்கிலீஷில் சொன்னாள். பிறகு கண்ணாடி அம்மாள் எழுந்தாள். பாட்டிலைக் கவிழ்த்தாள். எங்கே? ஆற்றிலேயே. கல்லில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். எத்தனை மழை, எத்தனை வெள்ளம் அந்தக் கல்லின் மேல் ஓடியிருக்கும்? இருந்தாலும் தூக்கினார்கள். இவர்களையெல்லாம் இவர்களுடைய அம்மாமார் கடையில் வாங்கி வந்தார்கள் போலிருக்கிறது. ஒரு ஐயா காலைக் கழுவ வேண்டும், சோப்பு இருக்கிறதா என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டார்.

“சோப்பு இங்க பாடில்லா சாரே,” என்றேன் நான்.

வேன் போனதும் மேனேஜர் என் பக்கத்தில் வந்து குந்தினார். தோளில் கிடந்த துண்டால் கண்ணை அழுத்தி அழுத்தித் துடைத்தார். “அம்மச்சி, சத்தியம் சொல்லணும். எந்தக் கதையாக்கும் உள்ளது?”

“ரெண்டையும் நான்தான் சொன்னேன். ராணி பொய்யின்னும் நான்தான் சொன்னேன், நீங்க கேக்கல. இப்பம் இதை மட்டும் எதுக்கு நம்புதீய?”

அவர் ஆற்றைப் பார்த்தார். “இது யாரும் இட்டுக்கட்டிச் சொல்லாத்த கதையல்லவா,” என்றார்.

நாலாம் நாள் பலகை இல்லை. அதற்கு அடுத்த நாள் சங்கிலியும் இல்லை. வேனில் வந்தவர்கள் நெட்டில் என்னமோ எழுதிவிட்டார்களாம். பேனாக்காரிப் பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், முகம் தொங்கியிருந்தது.

“மொதல்லயே எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம்லா பாட்டி?”

“நீ கொட்டாவி விட்டியே மக்களே.”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்து சாயா குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். ராணி வந்தது ஊருக்கு வந்ததுதானே, கடவுக்கு வராவிட்டாலும் வேறு எங்காவது உட்கார்ந்திருப்பாளே என்று மேனேஜர் கேட்டு வரச் சொன்னாராம். ராணியைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. நான் கொஞ்சம் யோசித்து ஒரு இடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கடவில் எங்கள் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். மாவுக்கட்டுப் பிரித்த கையோடு மைனியும் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். பேற்றுக்கல் ஆளில்லாமல் வெயிலில் கிடந்தது. ராணி இப்போது எங்கே போனாள் என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி கேட்டார்கள். நான் முட்டுக்காலைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

“மேட்டுல தேக்குக்குக் கீழ ஒரு பாறை கெடக்குல்லா, கடிச்சுப் பிடுங்குத முசிறு எறும்பு ஊருத பாறை? அங்க குடிமாத்தியாச்சு. அங்க நமக்குக் குளிக்கவும் வேண்டாம், தொவைக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளை ஒங்ககிட்டயும் வந்து கேப்பா. ஒருத்தியும் சிரிச்சுக் காரியத்தைக் கெடுக்கப்பிடாது. ராணி அங்கதான் இருந்தா, ரொம்ப நேரம் இருந்தான்னு சொல்லுங்க. எறும்பு காரியம் மட்டும் சொல்லாண்டாம், அது அவங்களே இருந்து தெரிஞ்சுக்கிடட்டும்.”